தண்டனை பெரிதானால் தவறு சிறிதாகுமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

முன்னுரை

'குடி குடியைக் கெடுக்கும்' என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் சொல். முதலில் வரும் 'குடி' மது. அடுத்து வரும் 'குடி' குடும்பம். ஆனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவன் தன் குடியை மட்டுமா கெடுக்கிறான்? எதிரே சைக்கிளில் வரும், முன்பின் அறியாத ஒருவரின் குடியையும் அன்றோ கெடுத்துவிடுகிறான்! வள்ளுவப் பெருந்தகை 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே பாடினார். அவர் காலத்தில் மோட்டார் வண்டி இல்லை. இருந்திருந்தால் பத்துக் குறளோடு நிறுத்தியிருப்பாரா என்பது ஐயமே.

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் தமிழ்நாட்டில் மட்டும் இறந்தவர்கள் 17,884 பேர். மதுவால் நேர்ந்தவை என்று அரசின் கணக்கில் வரும் மரணங்கள் இவற்றில் மூன்று சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் விபத்து நடந்தவுடன் ஓட்டியவரைச் சோதித்துப் பார்ப்பது எல்லா இடங்களிலும் நடப்பதில்லை. சோதிக்காதது கணக்கில் எப்படி ஏறும்?

இக்கொடுமையைத் தடுக்க என்ன வழி என்று எங்கள் குடிமையியல் வகுப்பில் ஒரு நாள் பேச்சு எழுந்தது. 'தண்டனையைக் கடுமையாக்க வேண்டும்' என்று வகுப்பில் பெரும்பாலோர் கூறினர். வீட்டிலும் வெளியிலும் பெரியவர்கள் சொல்வதும் அதுவே. அது சரிதானா என்பதைப் பல நாடுகளின் அனுபவத்தை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மது உடலில் செய்யும் வேலை

நாம் உண்ணும் சோறு செரித்த பின்பே உடலில் சேருகிறது. மதுவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. அது இரைப்பையிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் நேரே இரத்தத்தில் கலந்து மூளைக்குச் செல்கிறது. கால் தள்ளாடுவதற்கு வெகு முன்னரே, எது சரி எது தவறு என்று எடைபோடும் திறன் மங்கிவிடுகிறது. 'நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்' என்று குடித்தவர் சொல்வது பொய்யன்று. அவர் உண்மையாகவே அப்படி நம்புகிறார். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். ஓட்டுபவர் பிரேக்கை மிதிக்க அரை நொடி தாமதித்தால் வண்டி 8 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடிவிடும். எட்டு மீட்டர் என்பது சாலையைக் கடக்கும் ஒரு குழந்தை பிழைப்பதற்கும் பிழையாமல் போவதற்கும் உள்ள தூரம்.

எலுமிச்சைச் சாறு, மோர், காபி, குளியல் ஆகியவற்றால் போதை தெளியும் என்று பலர் நம்புகின்றனர். இவை எதுவும் இரத்தத்தில் உள்ள மதுவைக் குறைப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் கல்லீரலே. அதுவும் சராசரியாக மணிக்கு, 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 15 மில்லிகிராம் என்ற அளவிலேயே நீக்கும். அதனை அவசரப்படுத்த யாராலும் இயலாது.

இரத்தத்தில் உள்ள மது மூச்சுக்காற்றிலும் வெளிப்படும். இதனை அடிப்படையாகக் கொண்டு, ஊதினால் அளவு காட்டும் கருவியை 1954-இல் அமெரிக்கரான ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் அமைத்தார். இன்று போலீசார் சாலையில் நீட்டும் கருவிகளுக்கு அது ஒரு முன்னோடி.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185, இக்குற்றத்தைப் பற்றிக் கூறுகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டக்கூடாது. முன்பு முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ. 2,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அபராதம் ரூ. 10,000 ஆயிற்று. இரண்டாம் முறை பிடிபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ரூ. 15,000 அபராதம், அல்லது இரண்டும். நம் தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

அபராதம் ஐந்து மடங்கு ஆகிவிட்டது. அச்சமும் ஐந்து மடங்கு ஆயிற்றா? இதுவே கேள்வி.

ஒரு சிறு கணக்கு

கணக்குப் பாடத்தில் நாம் படிக்கும் நிகழ்தகவு இங்கே நமக்குக் கைகொடுக்கும். எடுத்துக்காட்டாக, குடித்துவிட்டு ஆயிரம் தடவை வண்டி ஓட்டினால் ஒரு தடவைதான் பிடிபடுவார் என்று வைத்துக்கொள்வோம். அபராதம் ரூ. 10,000 என்றால் ஒரு பயணத்துக்கு விழும் சராசரிச் சுமை பத்து ரூபாய். அபராதத்தை இருபதாயிரமாக உயர்த்தினாலும் சுமை இருபது ரூபாய்தான். மதுப்புட்டிக்குக் கொடுக்கும் காசில் அது ஒரு சிறு பங்கு.

இனி மாற்றிப் பார்ப்போம். அபராதம் பழையபடி ரூ. 2,000. ஆனால் பத்துத் தடவைக்கு ஒரு தடவை பிடிபடுவார். அப்போது ஒரு பயணத்தின் சுமை இருநூறு ரூபாய்! ஆக, எடையைக் கூட்டுவது தண்டனையின் அளவு மட்டுமன்று. 'பிடிபடுவோம்' என்ற நிச்சயமே.

குடித்தவர் காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போடமாட்டார் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் மனம் தன் போக்கில் ஒரு கணக்குப் போடுகிறது. 'நேற்றும் இவ்வழியே வந்தேன், ஒருவரும் கேட்கவில்லை' என்பதே அந்தக் கணக்கு.

இத்தாலியரான செசாரே பெக்காரியா 1764-இல், தம் இருபத்தாறாம் வயதில், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு நூல் எழுதினார். கொடிய தண்டனையைவிட, தப்பமுடியாத தண்டனையே, அது மென்மையானதாக இருந்தாலும், மக்கள் மனத்தில் ஆழப் பதியும் என்பது அவர் கருத்து. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் சாலைகளில் நடந்தவை அவருக்குச் சாட்சி கூறுகின்றன.

இங்கிலாந்து தந்த பாடம்

1967-இல் இங்கிலாந்தின் போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் பார்பரா காசில் என்னும் பெண்மணி. அவர் கார் ஓட்டாதவர். 'கார் ஓட்டாதவருக்கு இதில் என்ன வேலை?' என்று பலர் சீறினர். அவர் அசையவில்லை. அவர் கொண்டுவந்த சாலைப் பாதுகாப்புச் சட்டம் 1967 அக்டோபர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊதும் கருவியுடன் போலீசார் சாலையில் நின்றனர். முதல் ஓராண்டிலேயே சாலை மரணங்கள் ஆயிரத்துக்கும் மேல் குறைந்தன. வார இறுதி இரவுகளில், அதாவது மக்கள் அதிகம் குடிக்கும் நேரத்தில், விபத்துகள் மிகவும் குறைந்தன.

ஆனால் அந்த வெற்றி நிலைக்கவில்லை. லாரன்ஸ் ராஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலறிஞர் இதனை ஆராய்ந்தார். புதுச் சட்டம் வந்தபோது எல்லாரும் 'பிடிபட்டுவிடுவோம்' என்று நடுங்கினர். நாளாக ஆக, போலீசார் சோதிப்பது குறைவே என்பது ஓட்டுநர்களுக்குத் தெரிந்துவிட்டது. அச்சம் தேய்ந்தது, விபத்து வளர்ந்தது. சட்டப் புத்தகத்தில் தண்டனை அப்படியேதான் இருந்தது. குறைந்தது நம்பிக்கை ஒன்றுதான்.

ஒரே மாநிலம், இரண்டு வழிகள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கதை நமக்கு இன்னும் தெளிவாகப் பாடம் சொல்கிறது. அங்கே 1982 டிசம்பர் 17 முதல், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த வண்டியையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்ற முறை தொடங்கியது. அது பெயருக்குத் தொடங்கியதன்று. மூன்று ஓட்டுநருக்கு ஒரு சோதனை என்ற அளவில் ஓராண்டில் ஏறத்தாழ பத்து லட்சம் சோதனைகள் நடந்தன. சாலையோரத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி அவை நடந்தன. 1982-இல் அம்மாநிலச் சாலைகளில் இறந்தவர்கள் 1,253 பேர். 1983-இல் அது 966 ஆகக் குறைந்தது.

அதே மாநிலம் 1998-இல் வேறொரு வழியை நாடியது. குடித்து ஓட்டுவதற்கான தண்டனைகளை இரட்டிப்பாக்கியது. இதன் விளைவை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2004-இல் வெளிவந்தது. தண்டனை இரட்டிப்பானதால் விபத்து குறைந்ததாக அதில் தெரியவில்லை. அதே மாநிலம், அதே மக்கள், அதே சாலைகள்! சோதனையைப் பெருக்கியபோது உயிர்கள் தப்பின. தண்டனையைப் பெருக்கியபோது அந்தப் பலன் கிட்டவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குடித்து ஓட்டினால் கட்டாயச் சிறை என்பது நார்வேயில் நெடுங்கால வழக்கம். 1988-இல் நார்வேயும் 1990-இல் சுவீடனும் அந்தக் கடுமையைத் தளர்த்தின. சிறைக்குப் பதிலாகப் பலருக்கு அபராதம் விதித்தன. சாலை மரணங்கள் பெருகிவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தனர். அப்படிப் பெருகவில்லை என்று ராஸும் ஒரு சுவீடன் அறிஞரும் சேர்ந்து செய்த ஆய்வு காட்டியது.

இராஜஸ்தானில் நடந்தது

'அவை பணக்கார நாடுகள். நம் நாட்டுக்குப் பொருந்துமா?' என்று கேட்பது நியாயமே. அதற்கும் விடை உண்டு. 2010, 2011 ஆண்டுகளில் இராஜஸ்தான் மாநிலக் காவல்துறையுடன் சேர்ந்து ஓர் ஆய்வு நடந்தது. பின்னாளில், 2019-இல், நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரும், டேனியல் கெனிஸ்டன் என்பவரும், நீனா சிங் என்னும் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியும் இதனை நடத்தினர்.

சில காவல் நிலையங்களில், ஒரே இடத்தில் இரவுச் சோதனை நடத்தினர். வேறு சில நிலையங்களில் சோதனை இடத்தை மாற்றி மாற்றி அமைத்தனர். விளைவு என்ன தெரியுமா? இடம் மாறிய ஊர்களில் இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவு மரணங்கள் 25 சதவீதமும் குறைந்தன. ஒரே இடத்தில் நின்ற ஊர்களில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஏன்? ஓட்டுநர்கள் அந்த இடத்தைத் தெரிந்துகொண்டு வேறு வழியில் போய்விட்டனர்! இரண்டு இடத்திலும் சட்டம் ஒன்று, தண்டனை ஒன்று. எங்கே நிற்பார்கள் என்று தெரியாத ஒன்றே உயிர்களைக் காத்தது.

அபராதத்தைக் கட்டுவது யார்?

எங்கள் தெருவில் பெயின்ட் அடிக்கும் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நல்லவர்; எல்லாருக்கும் உதவி செய்பவர். சம்பள நாளில் மட்டும் குடிப்பார். ஒரு சனிக்கிழமை இரவு மோட்டார் சைக்கிளில் வரும்போது பிடிபட்டார். வண்டி காவல் நிலையத்தில் நின்றது. பத்தாயிரம் ரூபாய் கட்டினால்தான் வண்டி வரும். வண்டி வந்தால்தான் வேலைக்குப் போக முடியும். அவருடைய மனைவி காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகுக்கடையில் வைத்தார். 'குடிச்சது அவரு, காது மூளியா நிக்கிறது நானு' என்று என் அம்மாவிடம் அவர் சொன்னபோது நான் அருகில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு அவர்களுடைய மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகவில்லை.

அதன்பின் அந்த அண்ணன் திருந்தினாரா? சில வாரங்கள் குடிக்காமல் இருந்தார். பிறகு மீண்டும் குடித்தார். ஆனால் பெரிய சாலையில் வருவதில்லை. போலீசார் வழக்கமாக நிற்கும் இடம் அவருக்குத் தெரியும். விளக்கில்லாத ஏரிக்கரை வழியாக வருகிறார். இராஜஸ்தான் ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்த ஏரிக்கரைதான் நினைவுக்கு வந்தது.

தண்டனையை மட்டும் பெருக்கும்போது நாம் மறந்துவிடும் உண்மை இதுவே. பணக்காரருக்குப் பத்தாயிரம் ஒரு சிறு தொகை. ஏழை வீட்டில் அது மனைவியின் தோடு, மகளின் சுற்றுலா, அடுத்த மாத மளிகை. தவறு செய்தவரைத் தேடிப் போகும் தண்டனை, வழியிலேயே தவறு செய்யாதவர் தலையில் இறங்கிவிடுகிறது.

அப்படியானால் தண்டனையே வேண்டாமா?

வேண்டாம் என்பது என் கருத்தன்று. தண்டனை இல்லாத சட்டம் பல் இல்லாத வாய். மற்றவர் உயிரோடு விளையாடியவருக்கு அதன் கனம் தெரிய வேண்டும். ஆனால் அது எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்பதே கேள்வி.

அமெரிக்க மாநிலங்களின் சட்டங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. பிடிபட்ட உடனேயே ஓட்டுநர் உரிமத்தை நிறுத்திவைக்கும் சட்டங்கள், மதுவால் நேரும் மரண விபத்துகளை ஏறத்தாழ 5 சதவீதம் குறைத்தன. வழக்கு முடிந்து, தீர்ப்பு வந்த பின் உரிமத்தை நிறுத்தும் சட்டங்களால் அந்தப் பலன் கிட்டவில்லை. ஆகவே தண்டனை நிச்சயமாக வரவேண்டும், தாமதமின்றி வரவேண்டும். உரிமத்தை நிறுத்துவதில் இன்னொரு நன்மையும் உண்டு. அபராதத்தை மனைவி கட்டலாம். உரிமம் போனால் அந்த இழப்பை ஓட்டியவர் தாமே சுமக்க வேண்டும். ஆனால் வண்டி ஓட்டியே பிழைக்கும் வீட்டில் அதுவும் குடும்பத்தைத் தொடும் என்பதை மறுக்க முடியாது. எனவேதான் பிடிபட்ட பின் தண்டிப்பதைவிட, பிடிபடும் அச்சத்தால் முன்கூட்டியே தடுப்பது மேல் என்கிறேன்.

மதுக்கடை இருக்கும் இடமும் முக்கியம். தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-இல் ஒரு தீர்ப்பளித்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது என்பது அத்தீர்ப்பு. பிறகு சிறிய ஊர்களுக்கு அத்தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. நகராட்சி எல்லைகளுக்கும் விலக்கு வந்தது. ஆயினும், வண்டியை நிறுத்திக் குடித்துவிட்டு மீண்டும் ஓட்டும் வாய்ப்பையே குறைக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் போற்றத்தக்கது.

நாம் செய்யக்கூடியது

'நாம் மாணவியர், நமக்கு வண்டியும் இல்லை, வாக்கும் இல்லை' என்று இருந்துவிடலாமா? கூடாது. நாம் ஓட்டுவதில்லை, ஆனால் பின் இருக்கையில் அமர்பவர்கள் நாமே. கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது, ஓட்ட வருபவர் குடித்திருப்பது தெரிந்தும் 'பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது' என்று பேசாமல் ஏறிக்கொள்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! சென்னையில் 2022-இல், குடித்தவர் ஓட்டும் வண்டியில் உடன் செல்பவர்மீதும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று காவல்துறை அறிவித்தது. அந்தச் சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் நம் உயிருக்காக நாம் பேசத்தான் வேண்டும்.

சண்டையிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. 'அப்பா, இன்று ஆட்டோவில் போவோம். வண்டியைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம்' என்று கெஞ்சிச் சொல்லலாம். 'மாமா, சாவியை அத்தையிடம் கொடுங்கள்' என்று சிரித்தபடி கேட்கலாம். விருந்துக்குப் போகும்போதே இன்று யார் குடிக்காமல் இருந்து வண்டி ஓட்டுவது என்று பேசி வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் தடவைக்கு ஒரு தடவை மறிக்கும் போலீசாரைப் போலன்றி, வீட்டு வாசலில் நிற்கும் மகள் ஒவ்வொரு தடவையும் மறிக்க முடியும். நிச்சயம்தான் பலன் தரும் என்று மேலே கண்டோம். அதைவிட நிச்சயமான காவல் வேறு எது?

அன்பார்ந்த பெற்றோர்களே! உங்கள் மகள் அப்படிக் கேட்டால் சினந்துகொள்ளாதீர்கள். அவள் உங்களை அவமதிக்கவில்லை. நீங்கள் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும் என்று கேட்கிறாள்.

முடிவுரை

தண்டனையைக் கூட்டுவது எளிது. ஒரு தாளில் எண்ணை மாற்றினால் போதும். ஒவ்வோர் இரவும், வெவ்வேறு சாலைகளில், பெரியவர் சிறியவர் என்று பாராமல் எல்லா வண்டியையும் நிறுத்திச் சோதிப்பது கடினம். அதற்கு ஆட்களும் கருவிகளும் நேர்மையும் சலியாத உழைப்பும் வேண்டும். ஆனால் உயிர்களைக் காப்பது அந்தக் கடினமான வழியே என்பதை இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் இராஜஸ்தானும் நமக்குக் காட்டுகின்றன. எனவே, 'இன்னும் எவ்வளவு அபராதம் போடலாம்?' என்று கேட்பதை விட்டு, 'ஏரிக்கரை வழியில் நேற்றிரவு யார் நின்றார்கள்?' என்று கேட்போமாக!